சடக்கும் தோட்டமும்: நெகிரி செம்பிலான் நிலவரலாற்றில் ஓர் ஆய்வு

பழந்தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். ஆறு, நெறி, அதர், வதி, பெருவழி எனப் பலவாறு அது வழங்கப்பெற்றது. ‘ஆறு’ என்னும் சொல் நீர் செல்லும் வழியையும் மக்கள் செல்லும் வழியையும் ஒருங்கே சுட்டி நின்றது. வழிகாட்டும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர் வந்ததும் இப்பொருள் பற்றியே. சோழர் காலக் கல்வெட்டுக்கள் காவிரிச் சமவெளியின் நிலங்களுக்கு எல்லை கூறுமிடத்து, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று குறிக்கும். அங்கே வதி கழனியின் விளிம்பாக இருந்தது. நிலத்தின் கணக்கு வழியிலிருந்தே தொடங்கியது எனலாம். நெடுந்தொலைவு செல்லும் பெருவழிகளும் உண்டு. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்துள்ள அதியமான் பெருவழிக் கல், ஊருக்கு இத்தனை காதம் என்று தொலைவு காட்டுகிறது.

மலாயா மண்ணில் வேர்கொண்ட தமிழர் வழிக்கு வேறொரு சொல்லை வழங்கினர். அது ‘சடக்கு’ என்பதாகும். இந்துத்தானியில் வழங்கும் ‘சடக்’ என்னும் சொல்லின் தமிழ் வடிவம் இது. செம்மண் சடக்கு, தார்ச் சடக்கு என்று அடைமொழி பெற்றுத் தோட்டத்து வாழ்வில் நிலைத்துவிட்ட சொல். லயத்து வீட்டிலிருந்து செம்மண் சடக்கில் நடந்து தார்ச் சடக்கை அடைந்தால் அதற்கப்பால் உலகம். தோட்டத்துப் பிள்ளைகளின் நில நூல் இவ்வளவே.

அச்சடக்கே ஒரு காலத்தில் தோட்டத்தை உண்டாக்கியது. மற்றொரு காலத்தில் தோட்டத்தை இரண்டாகப் பிளந்தது. இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. இவ்வரலாறு தெளிவாகப் புலப்படும் இடங்களுள் நெகிரி செம்பிலான் தலையாயது. கோலாலம்பூருக்கும் மலாக்காவுக்கும் இடையே அமைந்தமையால், வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் செல்லும் வழிகளெல்லாம் அதனூடே சென்றாகவேண்டும்.

சாலை போட்டவரே தோட்டம் திறந்தார்

இன்றைய நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதி முன்னாளில் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. 1874இல் அது ஆங்கிலேயரின் மேற்பார்வைக்கு உட்பட்டது. அப்போது அந்நாட்டின் செல்வம் ஈயம். ஈயம் ஆற்று வழியே லிங்கி முகத்துவாரத்தை அடைந்து கடலேறியது. ஆற்றை நம்பிய வணிகம் மழையையும் வெள்ளத்தையும், ஆற்றங்கரைத் தலைவர்கள் கேட்ட சுங்கத்தையும் நம்பியே நடந்தது. ஆற்றை விட்டு நிலத்தில் வழி காண வேண்டும் என்னும் எண்ணம் இதனால் எழுந்தது. வண்டிச் சாலைகள் போடப்பட்டன. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றது. தனியார் நிறுவனம் ஒன்று அமைத்த அப்பாதையை 1908இல் மலாய்க் கூட்டரசு அரசாங்கம் தன் புகைவண்டித் துறையோடு சேர்த்துக்கொண்டது.

இச்சாலைகளைப் போட்டவர் யாவர் என்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஹில்–ராத்போர்ன் என்னும் கூட்டு நிறுவனத்தார் அக்காலத்துப் பெயர்பெற்ற சாலை ஒப்பந்தக்காரர். அவர்களே காப்பித் தோட்டக்காரரும் ஆவர். இலங்கையில் 1869இல் தோன்றிய இலை நோய் காப்பித் தோட்டங்களை அழித்த பின்னர், அத்தொழில் அறிந்தோர் புதிய நிலம் தேடி மலாயாவை நாடிய காலம் அது. சுங்கை ஊஜோங்கில் ஹில் என்பார் திறந்த லின்சம் தோட்டம் அவ்வகையில் முற்பட்டது. ராத்போர்ன் என்பார் தம் பதினைந்தாண்டு அனுபவங்களை 1898இல் நூலாகவும் வெளியிட்டார். காட்டை வெட்டிச் சாலை அமைக்கும் ஒப்பந்தம் ஒரு கையில், அச்சாலையின் ஓரத்து நிலம் மறுகையில் என்று அவர்கள் தொழில் நடந்தது. சாலை போடத் தென்னாட்டிலிருந்து வந்த கூலிகளும் தோட்டம் வெட்ட வந்த கூலிகளும் ஒரே ஊர்களிலிருந்து வந்த ஒரே மக்கள்.

பிரேசில் நாட்டின் மிகுவிளைச்சலால் 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை வீழ்ந்தது. அவ்விடத்தை ரப்பர் பிடித்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுக்களின் வழிவந்த மரங்கள், 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் வாணிக அளவில் பயிரிட்டதன் பின் பெருகின. 1910இல் விலை உச்சத்தை எட்டியபோது, சிரம்பான், லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன் வட்டாரங்களின் காடுகள் இலண்டன் பங்குச் சந்தையில் பங்குகளாக விற்பனையாயின.

இக்காலத்தில் சாலைக்கும் தோட்டத்துக்கும் பகையில்லை. ஈய ஏற்றுமதித் தீர்வை சாலைகளுக்குப் பணம் தந்தது. சாலை தோட்டத்துக்கு நிலம் தந்தது. தோட்டம் அரசுக்கு வரி தந்தது. 1907இல் அமைந்த இந்தியர் குடியேற்றக் குழுவின் நிதிக்குத் தோட்ட முதலாளிகளோடு பொதுப்பணித் துறையும் புகைவண்டித் துறையும் பணம் செலுத்தின என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும். மூவருக்கும் தேவைப்பட்ட உழைப்பு ஒன்றே. சாலை ஓரத்துப் பொதுப்பணித் துறைக் குடியிருப்பில் அண்ணனும் அடுத்த தோட்டத்து லயத்தில் தம்பியும் வாழ்ந்த குடும்பங்கள் பல.

தொலைவால் இயங்கும் தொழில்

ஒரு பெருஞ்சாலை தோட்டத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதை அறியத் தோட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ரப்பர்த் தோட்டம் நேரத்தோடு போட்டியிடும் தொழில். பொழுது ஏற ஏற இலைகள் நீரை வெளியிடும். மரத்தின் உள்ளழுத்தம் குறையும். பால் ஓட்டம் தளரும். அதனால்தான் இருள் பிரியுமுன் பெரட்டு எடுக்கப்பட்டது. பெரட்டுக் களத்திலிருந்து தம் நிரைக்கு ஒருவர் நடந்து செல்லும் தொலைவு, அன்று அவர் கொண்டுவரும் பாலின் அளவைத் தீர்மானித்தது. நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப 400 முதல் 600 மரங்கள் வரை ஒருவர் பங்கு. வெட்டிய பால் மங்கில் சேரும். சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். அதற்குள் வாளியில் சேர்த்துப் பால் ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தாகவேண்டும். உறைந்தது ஒட்டுப்பாலாகும், ஒட்டுப்பாலுக்கு விலை குறைவு.

எனவே, லயம் எங்கே, பெரட்டுக் களம் எங்கே, ஸ்டோர் எங்கே, நிரைகள் எங்கே என்பதெல்லாம் மனம்போன போக்கில் அமைந்தவை அல்ல. நடைக்கும் நேரத்துக்கும் கணக்கிட்டு அமைந்த ஒழுங்கு அது. தோட்டத்தைப் பல டிவிசன்களாகப் பிரித்ததும் இக்கணக்குப் பற்றியே.

1960களிலிருந்து ரப்பரின் இடத்தைச் செம்பனை மெல்ல மெல்லப் பற்றியது. செம்பனையும் தொலைவுக்குக் கட்டுப்பட்டதே. வெட்டிய குலை அடிபட்டால் பழத்தின் எண்ணெய் சிதைந்து அமிலம் மிகும். ஆகையால் 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர்ப்பது நன்று என்பது அத்தொழிலின் விதி. குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டர் மனிதனைப்போல் வேலியைத் தாண்டாது, வரப்பில் ஏறாது. அதற்குத் தொடர்ந்த சடக்கு வேண்டும்.

நெடுஞ்சாலையின் வருகை

பழைய சாலைகள் நிலத்தின் போக்கை ஒட்டிச் சென்றன. மேட்டைச் சுற்றின, பள்ளத்தில் வளைந்தன. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் புக்கிட் பூத்துஸ் கணவாய் வழியே சென்ற பழைய சாலையின் வளைவுகளை அறிந்தோர் இதனை நன்கு உணர்வர். விரைவுச்சாலையோ நிலத்தைத் தன் போக்குக்கு வளைப்பது. மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பும், நேரே செல்லும்.

கோலாலம்பூரையும் சிரம்பானையும் இணைக்கும் விரைவுச்சாலையின் பணி 1970களில் தொடங்கியது. 1980இல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் நிறுவப்பெற்றது. 1988இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை அமைத்து நடத்தும் உரிமை தனியாருக்கு அளிக்கப்பட்டது. 1994 செப்டம்பர் 8ஆம் நாள் அது முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது. நீலாய், சிரம்பான், செனாவாங், பெடாஸ்–லிங்கி என்று நெகிரி செம்பிலானுள் அதன் வாயில்கள் அமைந்தன. 1998இல் எல்லைக்கு அருகே சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் வந்தது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலை 2008 தொடங்கி 2010க்குள் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது.

இச்சாலைகளின் கோடு தோட்டங்களினூடே செல்ல நேர்ந்தமைக்குக் காரணங்கள் உண்டு. நெகிரி செம்பிலான், மினங்கபாவ் மரபினர் பேணிய அடாட் பெர்பாத்தே என்னும் தாய்வழி உரிமை முறை வழங்கும் நாடு. குலவழிப் பூர்விக நிலங்களைக் காக்க 1909இலேயே தனிச்சட்டம் இயற்றப்பெற்றது. மலாய் ஒதுக்கீட்டு நிலங்களுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. அந்நிலங்கள் சிறு சிறு துண்டுகளாகப் பல உரிமையாளர் கையில் இருப்பவை. தோட்டமோ, பல நூறு ஏக்கருக்கு ஒரே நிறுவனம், ஒரே பேச்சுவார்த்தை. கோடு இழுப்பவர்க்கு எது எளிது என்பது சொல்லாமலே விளங்கும்.

மேலும் ஒரு வேறுபாடு இங்கே கருதத்தக்கது. பழைய சடக்கு தான் தொட்ட நிலமெல்லாவற்றுக்கும் பயன் தந்தது. எந்தத் தோட்டமும் தன் செம்மண் சடக்கை அதில் கொண்டு சேர்க்கலாம். விரைவுச்சாலை வாயில்களில் மட்டுமே பயன் தருவது. இரண்டு வாயில்களுக்கு நடுவே உள்ள தோட்டம் அதனைப் பார்க்கலாம். அதன் இரைச்சலைக் கேட்கலாம். அதில் ஏற இயலாது. வாயிலுக்கு அருகில் அமைந்த தோட்டமோ ஒரே நாளில் நகர நிலமாகிவிடும். ஒரே சாலை ஒரு தோட்டத்தை முடமாக்கி, மற்றொரு தோட்டத்தை விலையேற்றி அழிக்கும் விந்தை இது.

வெட்டுண்ட நிலத்தின் கணக்கு

60 மீட்டர் அகலமுள்ள சாலைப் பட்டை ஒரு தோட்டத்தினூடே 1 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அது விழுங்கும் நிலம் 6 ஹெக்டர். ஏறத்தாழ 15 ஏக்கர். ஹெக்டருக்கு 136 முதல் 148 வரை நடும் வழக்கப்படி, 800க்கு மேற்பட்ட செம்பனைகள் மறையும். 2,000 ஏக்கர்த் தோட்டத்துக்கு 15 ஏக்கர் ஒரு பொருட்டா என்று வினவலாம். பரப்பில் பொருட்டன்று, அமைப்பில் பொருட்டு. உடலில் ஒரு விரற்கடைக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தன்றோ காயத்தின் கொடுமை.

கோட்டின் மேற்கே லயமும் ஸ்டோரும் இருக்க, கிழக்கே நிரைகள் அகப்பட்டுக்கொண்டால், நாள்தோறும் ஆளும் பாலும் சுற்றிச் செல்லவேண்டும். அடியில் சுரங்கப்பாதை ஒன்று விட்டால் நடக்கலாம். ஆனால் குலை ஏற்றிய டிராக்டர் நுழையும் உயரமும் அகலமும் அதற்கு உண்டா என்பது கேள்வி. மண்மேடு நீரோட்டத்தை மறிக்கும். மதகு சிறுத்தால் மேல்பக்கத்து மரங்களின் வேர் நீரில் நிற்கும். கீழ்ப்பக்கத்தில் வண்டல் இறங்கி வாய்க்கால் தூர்ந்துபோகும். எஞ்சிய மூலைத் துண்டுகள் தனியாகப் பராமரிக்க இயலாதபடி சிறுத்துக் காடேறும். ஒரு டிவிசனின் கணக்கு, கங்காணியின் சுற்று, காவற்காரரின் நடை ஆகிய யாவும் மாறும்.

1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இக்கேடுகளை அறியாததன்று. அதன் முதல் அட்டவணை இழப்பீட்டுக்குக் கருதவேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. எடுக்கப்பட்ட நிலத்தின் சந்தை விலை முதலாவது. எஞ்சிய நிலத்திலிருந்து அதனைப் பிரித்ததால் வரும் கேடு ஒன்று. மற்றச் சொத்துக்கு நேரும் தீங்கு ஒன்று. தொழிலிடத்தையோ வீட்டையோ மாற்ற நேர்ந்தால் அதன் செலவு ஒன்று. வேலி, வடிகால், வழி ஆகியவற்றை அமைத்துத் தருவதாக எடுப்பவர் உறுதி கூறினால் அதுவும் கணக்கில் சேரும். மறுபுறத்தில், சாலையால் எஞ்சிய நிலத்தின் விலை ஏறுமாயின் அவ்வேற்றம் இழப்பீட்டில் கழிக்கப்படும். போதிய இழப்பீடின்றி எவர் சொத்தையும் கட்டாயமாக எடுக்க எந்தச் சட்டமும் இடந்தரலாகாது என்பது கூட்டரசு அரசமைப்பின் 13ஆம் விதி.

இழப்பீட்டை முடிவாக வரையறுக்கும் அதிகாரம் யாருக்கு என்னும் வினாவும் எழுந்தது. 1997இல் நிறைவேறிய திருத்தம், நீதிபதியோடு அமரும் இரு மதிப்பீட்டாளரின் முடிவே நீதிபதியைக் கட்டுப்படுத்தும் என்று வகுத்தது. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காக உலு லங்காட்டில் நிலம் எடுக்கப்பெற்ற செமினி ஜெயா என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்று தீர்த்தது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. மதிப்பீட்டாளர் துணை செய்யலாம், தீர்ப்பளிக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சிரம்பானை நோக்கிச் சென்ற ஒரு சாலை, நாட்டின் அரசமைப்பு வரலாற்றிலும் ஒரு மைல்கல்லை நட்டுச் சென்றது எனலாம்.

ஆக, நிலத்துக்கு உரியவர்க்குச் சட்டம் உண்டு; அலுவலரின் விசாரணை உண்டு; மேல்முறையீடு உண்டு; வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் உண்டு. தோட்டம் நடத்தும் நிறுவனம் சாலையால் இழந்ததைப் பெரும்பாலும் பணமாகப் பெற்றுக்கொள்ள வழி இருந்தது.

கணக்கில் சேராதவர்

இழப்பீடு கோர உரியவர் யாவர் என்பதற்கு அச்சட்டமே விளக்கம் தருகிறது. நிலத்துக்கான இழப்பீட்டில் உரிமை கோரும் எவரும் ‘அக்கறையுடையோர்’ ஆவர். ஆனால் உடையவர் விரும்பும் வரை மட்டும் குடியிருப்போர் அவ்வகையில் சேரார் என்று ஒரு விலக்கு அதே வரியில் தொடர்கிறது.

லயத்து வீடு யாருடையது? தோட்டத்துடையது. அதில் குடியிருந்தவர் வாடகை ஒப்பந்தம் எழுதியவரல்லர். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடு போம். மூன்று தலைமுறை அவ்வீட்டில் பிறந்து இறந்தாலும், அதன் வாசலில் நட்ட முருங்கையும் வாழையும் பின்கட்டின் கோழிக்கூடும் ஆட்டுப்பட்டியும் பத்திரத்தில் ஏறவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் நிலையும் அதுவே. கோயில் ஊரார் கட்டியது, நிலம் கம்பெனிக்குரியது.

தொழிலாளிக்கு வேறொரு சட்டம் துணை நின்றது. 1980ஆம் ஆண்டின் வேலை நீக்கப் பலன் விதிகளின்படி, வேலை நீக்கப்படுவோர்க்குச் சேவைக் காலத்துக்கு ஏற்பப் பலன் உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாட் கூலி. ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 15 நாட் கூலி. அதற்கு மேற்பட்டதற்கு 20 நாட் கூலி. முப்பதாண்டு பால் மரம் வெட்டிய ஒருவருக்கு இக்கணக்கில் 600 நாட் கூலி வரும். அது உழைப்புக்குரிய பலன், வீட்டுக்குரிய விலையன்று. நாட்கூலி குறைந்த தொழிலில் 600 நாட் கூலியைக் கொண்டு நகரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுவதே அரிது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சாலை ஒரு பட்டையை மட்டும் எடுக்கும்போது எவருக்கும் வேலை போவதில்லை. தோட்டம் தொடர்கிறது. ஆனால் மறுநடவு செய்யும் ஆண்டு வரும்போது நிறுவனம் கணக்குப் பார்க்கிறது. செம்பனை நட்டால் காய்க்க மூன்றாண்டு. பயன் இருபத்தைந்தாண்டு வரை. நெடுஞ்சாலை வாயில் அருகில் இருக்க, நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருக்க, இருபத்தைந்தாண்டுப் பயிரை எவர் நடுவர்? மறுநடவு தள்ளிப்போகிறது. வெளியேறியவர் இடத்துக்கு உள்ளூரார் எடுக்கப்படுவதில்லை. ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாட்டினர் வருகின்றனர். லயங்கள் பழுது பார்க்கப்படுவதில்லை. பின்னர் ஒரு நாள் தோட்டம் விற்கப்படுகிறது. வீடமைப்புப் பலகை எழுகிறது.

சாலை வந்த ஆண்டுக்கும் லயம் காலியான ஆண்டுக்கும் இடையே பத்தோ பதினைந்தோ ஆண்டுகள் கழிந்திருக்கும். சட்டம் எடுப்பு நாளின் இழப்பை மட்டும் அறியும். பத்தாண்டு கழித்து வரும் இழப்புக்கு அச்சாலையே காரணம் என்று எந்த விசாரணையிலும் எவரும் நிறுவ இயலாது. காரணமும் விளைவும் காலத்தால் பிரிக்கப்பட்டமையால் தொழிலாளியின் இழப்பு பெயரில்லா இழப்பாயிற்று.

சாலை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுவது வரலாறாகாது. ரப்பர் விலையின் தளர்ச்சி, ஆள் குறைவாக வேண்டும் செம்பனையின் பரவல், இளையோரின் நகர நாட்டம் ஆகிய யாவும் சேர்ந்தே வேலை செய்தன. தார்ச் சடக்கு வழியே மகன் நீலாய்த் தொழிற்சாலைக்கும் மகள் சிரம்பான் பள்ளிக்கும் செல்ல முடிந்ததும் உண்மை. பெற்றோர் பலர் அதனை விரும்பினர் என்பதும் உண்மை. பால் வாளியைப் பிள்ளையும் தூக்கவேண்டும் என்று எந்தத் தாயும் வேண்டியதில்லை. வழியைத் திறந்தது நன்றே. வழியில் இறங்கியவர் கையில் ஒன்றுமில்லாமல் இறங்கவேண்டி வந்ததே குறை.

முன்பே கிடைத்த பாடம்

இத்தகைய இடர் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. 1950களில் ஆங்கில முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்கவும், வாங்கியோர் அவற்றைத் துண்டு போட்டு விற்கவும் தொடங்கினர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை உங்கு அசிஸ் என்னும் பொருளியல் அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். அதனை எதிர்கொள்ள 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக்கொண்டு தோட்டங்களை அவர்களுக்காகவே வாங்குவது அதன் நோக்கம்.

அம்முயற்சியின் உட்பொருளை நெடுஞ்சாலை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நிலம் கூட்டுறவுக்கு உரியதாயின், சாலைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீடு பெறுபவர் அதன் உறுப்பினராகிய தொழிலாளரே. நிலத்தின் விலை ஏறினாலும் அவ்வேற்றம் அவர்களையே சாரும். உழைப்பவர் பெயர் பத்திரத்தில் இருந்தால் சாலை அவருக்குப் பகையாவதில்லை.

பள்ளியின் பெயர்ப்பலகை

தமிழாசிரியர்கள் தனித்துக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பரவியதற்கு அது ஒரு காரணம். பள்ளியின் நிலமும் லயத்தைப் போலவே தோட்டத்துடையது. சாலையும் நகரமும் வந்தபோது பள்ளியின் பிள்ளைகள் முதலில் குறைந்தனர். பின்னர் பள்ளியே இடம் பெயர நேர்ந்தது. பிள்ளைகள் உள்ள நகர்ப்புறத்தில் பள்ளி இல்லை. பள்ளி உள்ள தோட்டத்தில் பிள்ளைகள் இல்லை என்னும் முரண் எங்கும் தோன்றியது.

நெகிரி செம்பிலான் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், கிர்பித் தோட்டம், குபாங் தோட்டம், பத்தாங் பெனார் தோட்டம், சிரம்பான் தோட்டம் என்று தோட்டப் பெயர்கள் வரிசையாக நிற்கக் காணலாம். பால் மரமே காணாத பிள்ளைகள் தோட்டப் பெயர் பொறித்த சின்னத்தைச் சட்டையில் அணிந்து பள்ளி செல்லும் காலம் இது. ஊர் அழிந்தாலும் பெயர் தங்கிய இடம் பள்ளி ஒன்றே. இலக்கியத்தில் அழிந்த ஊர்களின் பெயர் பாட்டில் தங்கியது போல, மலேசியத் தமிழரின் அழிந்த ஊர்கள் பள்ளிப் பெயரில் தங்கியுள்ளன.

வட்டம் முடிந்தது

2005இல் சிலாங்கூரில் ஷா ஆலத்துக்கும் ரவாங்குக்கும் இடையே ஒரு நெடுஞ்சாலை திறக்கப்பெற்றது. அதற்கு ‘கத்ரி’ என்று பெயர். கத்ரி என்பது நெகிரி செம்பிலானிலும் பிற இடங்களிலும் பெருந்தோட்டங்களை நடத்திய பழைய நிறுவனம். 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதில் மலேசியர் கைக்கு மாறிய அதே நிறுவனம். நூறாண்டுக்கு முன் சாலை ஒப்பந்தக்காரர் தோட்டக்காரரானார். நூறாண்டுக்குப் பின் தோட்டக்காரர் சாலை போடலானார். வட்டம் முழுமையாயிற்று. இரு முனைகளிலும் ஆதாயம் நிலத்துக்கு உரியவர் பக்கமே நின்றது.

கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் அதிவேக இரயில் திட்டத்தில் சிரம்பானுக்குரிய நிலையம் லாபு வட்டாரத்தில் அமையும் என்று வகுக்கப்பட்டிருந்தது. அத்திட்டத்தின் உடன்பாடு 2020ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. போடப்படாத பாதையும் நிலத்தை மாற்ற வல்லது. கோடு வரைபடத்தில் விழுந்த அன்றே மறுநடவு நிற்கும். லயத்தின் கூரை பழுது பார்க்கப்படாது. கோடு அழிந்தாலும் அக்கூரை தானே சீராவதில்லை.

எனவே இனி எழும் ஒவ்வொரு சாலைத் திட்டத்தின்போதும் வினவத்தக்க வினா ஒன்றே: எடுக்கப்படும் நிலத்தில் வாழ்ந்தவர் யார், அவர் பெயர் எந்த ஏட்டில் உள்ளது? நில அலுவலகத்து ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளது. தந்தை பெயர், தொழில் பால்மரம் வெட்டுதல், இருப்பிடம் இன்ன தோட்டம், இன்ன டிவிசன் என்று ஆண்டு தோறும் தமிழாசிரியர் கையால் எழுதப்பெற்ற பக்கங்கள் அவை. பள்ளி இடம் மாறும்போது பழைய மேசைகளோடு அப்பதிவேடுகளும் கழிக்கப்படுதல் உண்டு. அவற்றைக் காத்துப் படியெடுத்து வைப்பது, பெரும்பொருள் வேண்டாத பணி. ஒரு தோட்டத்தில் இன்னார் வாழ்ந்தார் என்பதற்குச் சான்று கேட்கப்படும் நாளில், கல்வெட்டுப்போல் நின்று பேசுவதற்கு அவையே உள்ளன.